கூடைப்பந்தாட்ட மதிப்பீட்டில் பந்துடைமைக் கணக்கு: கல்லூரி ஆட்டமொன்றின் புள்ளியியல் பகுப்பாய்வும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

கூடைப்பந்தாட்டத்தின் இறுதிப் புள்ளிநிலை வென்றவர் யார் என்பதை உணர்த்துகின்றது. வென்ற முறையை அது உணர்த்துவதில்லை. அம்முறையை அறிய உதவும் பந்துடைமைக் கணக்கினையும் நான்கு கூறுகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது. 1985ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்லூரி இறுதியாட்டம் ஒன்று சான்றாகக் கொள்ளப்படுகின்றது. இக்கணக்கினைத் தமிழில் பதிவுசெய்வதற்கு வேண்டிய கலைச்சொற்களும், கீரனூர் போன்ற பேரூர்களிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவ ஆட்டக்காரர்களுக்கு இதனால் விளையும் பயனும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கூடைப்பந்து, பந்துடைமை, மீள்பந்து, பந்திழப்பு, கலைச்சொல், விளையாட்டுப் புள்ளியியல்.

முன்னுரை

ஆட்டம் முடிந்ததும் பலகையில் எஞ்சுவன இரண்டு எண்களே. மறுநாள் செய்தித்தாளில் அவ்விரு எண்களுடன், மிகுதியான புள்ளி எடுத்தவரின் பெயரும் இடம்பெறும். எதிரணியின் உயரமான ஆட்டக்காரரைக் கூடைக்கு அருகில் அண்டவிடாமல் நாற்பது நிமிடம் தடுத்து நின்றவரின் உழைப்பு எப்பதிவிலும் இடம்பெறுவதில்லை. தெரிவுக்குழுவின் முன் வைக்கப்படும் தாளில் அவர் பெயருக்கு எதிரே ‘2’ என்றோ ‘4’ என்றோ ஓர் எண் மட்டும் இருக்கும்.

திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்தைச் சார்ந்த கீரனூர் போன்ற பேரூர்களின் மாணவர்க்கு விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. கல்லூரிச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் உள்ள விளையாட்டு ஒதுக்கீடு, பல குடும்பங்களுக்கு மேற்படிப்பின் வாயிலாகவும் அமைகின்றது. ஆகவே ஓர் ஆட்டக்காரரின் பங்களிப்பு எவ்வாறு எண்ணப்படுகின்றது என்னும் வினா, அவருடைய வாழ்க்கைப் போக்கோடு தொடர்புடைய வினாவாகும். எண்ணப்படாதது மதிக்கப்படுவதில்லை; பெயரில்லாதது எண்ணப்படுவதுமில்லை. இக்கட்டுரை இவ்விரு குறைகளையும் ஒருங்கே நோக்குகின்றது.

1. ஆட்டத்தின் வரவும் கணக்கின் தோற்றமும்

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கினார். அப்பள்ளியின் வழிவந்த கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக், 1920ஆம் ஆண்டு சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார். ஆட்டம் பிறந்த இடத்திற்கும் தமிழகத்திற்கும் இடையே இவ்வாறு ஒரு நேரடித் தொடர்பு உண்டு.

ஆட்டம் இங்கு விரைவில் வேரூன்றியது. ஆட்டத்தை அளக்கும் கணக்கியல் அவ்வாறு வேரூன்றவில்லை. வட கரோலினா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக விளங்கிய டீன் ஸ்மித், மொத்தப் புள்ளியைக் கொண்டு அணியை மதிப்பிடுவதை விடுத்து, பந்து கைக்கு வந்த ஒவ்வொரு முறைக்கும் எத்தனை புள்ளி எடுக்கப்பட்டது என்று நோக்கினார். இக்கருத்தினை விரித்து, டீன் ஆலிவர் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ‘நான்கு கூறுகள்’ என்னும் வரையறையை அளித்தார். இன்று கூடைப்பந்தாட்டப் புள்ளியியலின் அடித்தளமாக இவ்வரையறை விளங்குகின்றது.

2. பந்துடைமை: அளவையின் அலகு

நெல்லை அளக்க மரக்கால் வேண்டும். ஆட்டத்தை அளக்கவும் ஓர் அலகு வேண்டும். நேரத்தை அலகாகக் கொள்ள இயலாது. விரைந்து ஆடும் அணி நாற்பது நிமிடத்தில் 90 புள்ளி எடுக்கலாம். நிதானமாக ஆடும் அணி 60 புள்ளியே எடுக்கலாம். இதனால் முன்னதன் தாக்குதல் சிறந்தது என்று கூற முடியாது. அது மிகுதியான வாய்ப்புகளில் அப்புள்ளிகளை எடுத்திருக்கக்கூடும்.

ஓர் அணியின் கைக்குப் பந்து வந்தது முதல் எதிரணியின் கைக்குச் செல்லும்வரை உள்ள காலப்பகுதியே பந்துடைமை எனப்படும். ஓர் அணி பந்தை இழந்ததும் மற்ற அணி அதனைப் பெறுவதால், ஆட்டத்தின் முடிவில் இரு அணிகளின் பந்துடைமை எண்ணிக்கையும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். ஒன்றிரண்டு வேறுபாடே தோன்றும். இச்சமநிலையே இக்கணக்கின் வலிமை. இரு அணிகளையும் ஒரே மரக்காலால் அளக்க அது வழிசெய்கின்றது.

பந்துடைமையை நேராக எண்ணாதபோது, ஆட்டப் பதிவிலுள்ள எண்களைக் கொண்டு பின்வருமாறு மதிப்பிடலாம்:

பந்துடைமை = கூடை முயற்சி + (தனி எறி முயற்சி × 0.475) − தாக்கு மீள்பந்து + பந்திழப்பு

கூடை முயற்சி என்பது ஆட்டப்போக்கில் கூடையை நோக்கி எறிந்த எறிகள். தனி எறி என்பது எதிரணி இழைத்த தவற்றுக்காகத் தடுப்பாரின்றி எறிய அளிக்கப்படும் வாய்ப்பு. தவறிய எறியைத் தாக்கும் அணியே மீட்டுக்கொண்டால் அது தாக்கு மீள்பந்து. அப்போது பந்து எதிரணிக்குச் செல்லவில்லை; பழைய பந்துடைமையே தொடர்கின்றது. எனவே அது கழிக்கப்படுகின்றது. எறியாமலே பந்தைப் பறிகொடுத்தால் அது பந்திழப்பு.

தனி எறியை 0.475ஆல் பெருக்குவது ஏன் என்னும் வினா எழலாம். தனி எறிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதால் ஓர் எறி அரைப் பந்துடைமைக்கு நிகர். எனினும் கூடையில் பந்து விழுந்தபின் கூடுதலாகக் கிடைக்கும் ஒற்றை எறி புதிய பந்துடைமையைச் செலவிடுவதில்லை. ஆகவே பெருக்கெண் அரையினும் சற்றுக் குறைகின்றது. தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் மா என்பது இருபதில் ஒன்று, அரைமா என்பது நாற்பதில் ஒன்று. அவ்வாய்பாட்டின்படி 0.475 என்பது அரையில் அரைமா குறைந்த அளவாகும். இது அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களுக்குக் கொள்ளப்படும் எண். தொழில்முறை ஆட்டங்களுக்கும், பன்னாட்டுக் கூட்டமைப்பு விதிகளின்படி நடைபெறும் ஆட்டங்களுக்கும் 0.44 என்னும் எண் பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. இந்தியக் கல்லூரி ஆட்டங்களுக்கு இரண்டாவது எண்ணே பொருந்தும்.

3. நான்கு கூறுகள்

ஒரு பந்துடைமை புள்ளியாக மாறுவதையும் மாறாமற் போவதையும் நான்கு கூறுகள் தீர்மானிக்கின்றன என்பது ஆலிவரின் கருத்து.

முதலாவது, எறிதிறன். ஒருவர் 10 முயற்சியில் இரண்டு புள்ளிக் கூடை 5 எடுக்கிறார். மற்றொருவர் 10 முயற்சியில் மூன்று புள்ளிக் கூடை 4 எடுக்கிறார் எனக் கொள்வோம். வெறும் விழுக்காட்டில் முன்னவர் 50, பின்னவர் 40. ஆனால் முன்னவர் பெற்றது 10 புள்ளி. பின்னவர் பெற்றது 12 புள்ளி. இம்முரணை நீக்க, மூன்று புள்ளிக் கூடையை ஒன்றரைக் கூடையாகக் கணக்கிட வேண்டும். அவ்வாறு கணக்கிடின் முன்னவர்க்கு 50, பின்னவர்க்கு 60 கிடைக்கும். இது பயனுறு எறிவிழுக்காடு எனப்படும்.

இரண்டாவது, பந்திழப்பு விகிதம். நூறு பந்துடைமையில் எத்தனை முறை எறியாமலே பந்து பறிபோயிற்று என்பதை இது காட்டும். மூன்றாவது, மீள்பந்து விகிதம். தவறிய எறிகளுள் எத்தனையைத் தாக்கும் அணி மீட்டது என்பது இதன் பொருள். நான்காவது, தனி எறி விகிதம். கூடை முயற்சிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட, தனி எறியால் எத்தனை புள்ளி கிடைத்தது என்பதை இது குறிக்கும்.

இந்நான்கின் முதன்மையை ஆலிவர் முறையே 40, 25, 20, 15 விழுக்காடு என மதிப்பிட்டார். இவை தொழில்முறை ஆட்டங்களை நோக்கிக் கூறப்பட்ட தோராய எடைகள். எல்லா ஆட்டத்திற்கும் பொருந்தும் மாறா விதிகள் அல்ல. நான்கு கூறுகளையும் எதிரணிக்கும் கணக்கிட்டால் அதுவே தடுப்பாட்டத்தின் அளவாகிவிடும் என்பது இம்முறையின் சிறப்பு.

4. சான்றாட்டம்: வில்லனோவா – ஜார்ஜ்டவுன், 1985

இக்கணக்கின் பயனை ஓர் ஆட்டத்தில் பொருத்திப் பார்க்கலாம். முழுமையான எண்கள் பதிவாகி, பலராலும் எடுத்துப் பேசப்படும் ஆட்டமாதலின், 1985 ஏப்ரல் 1 அன்று கென்டக்கி மாநிலம் லெக்சிங்டன் நகரில் நடந்த அமெரிக்கக் கல்லூரி இறுதியாட்டம் இங்குத் தேர்ந்துகொள்ளப்படுகின்றது. ஜான் தாம்சன் பயிற்றுவித்த ஜார்ஜ்டவுன் அணி முந்தைய ஆண்டின் வாகையர். பேட்ரிக் யூயிங் அதன் தூண். ரோலி மாசிமினோ பயிற்றுவித்த வில்லனோவா அணி தன் பிரிவில் எட்டாம் நிலையில் வைக்கப்பட்டிருந்தது. அப்பருவத்தில் ஜார்ஜ்டவுனிடம் இருமுறை தோற்றுமிருந்தது. இறுதியாட்டத்தில் வில்லனோவா 66–64 என வென்றது. அத்தொடரில் மூன்று புள்ளிக் கோடும் இல்லை; இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்னும் கால வரம்பும் இல்லை.

பதிவான எண்கள் வருமாறு:

வில்லனோவா: கூடை முயற்சி 28, கூடை 22, தனி எறி முயற்சி 27, வெற்றி 22, பந்திழப்பு 17.

ஜார்ஜ்டவுன்: கூடை முயற்சி 53, கூடை 29, தனி எறி முயற்சி 8, வெற்றி 6, பந்திழப்பு 11.

இவ்வெண்களை மேலோட்டமாக நோக்குவார்க்கு வியப்பே மிஞ்சும். தோற்ற அணி 25 முறை மிகுதியாக எறிந்துள்ளது. 7 கூடை மிகுதியாக எடுத்துள்ளது. 6 முறை குறைவாகப் பந்தை இழந்துள்ளது. 7 கூடைக்கு 14 புள்ளி. ஆனால் தனி எறியில் வில்லனோவா பெற்ற மிகுதி 16 புள்ளி. இவ்விரண்டின் வேறுபாடாகிய 2 புள்ளியே ஆட்டத்தின் முடிவாயிற்று.

அடுத்து, பந்துடைமைக் கணக்கு. தாக்கு மீள்பந்தைக் கழிக்குமுன் வில்லனோவாவின் தொகை: 28 + (27 × 0.475) + 17 = 57.8. ஜார்ஜ்டவுனின் தொகை: 53 + (8 × 0.475) + 11 = 67.8. இரு அணிகளின் பந்துடைமை சமமாக இருக்க வேண்டும் என்பது முன்னர்க் கூறப்பட்டது. அவ்வாறாயின், 10 என்னும் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? ஜார்ஜ்டவுன் அணி வில்லனோவாவைக் காட்டிலும் ஏறத்தாழ 10 தாக்கு மீள்பந்துகளை மிகுதியாகக் கைப்பற்றியிருக்க வேண்டும் என்பதே விடை. மேலே தந்த எண்களுள் மீள்பந்து இடம்பெறவில்லை; இருப்பினும், இடம்பெற்ற எண்களின் உறவே அதனை வெளிப்படுத்திவிடுகின்றது. வில்லனோவா தவறவிட்ட கூடை முயற்சிகள் 6 மட்டுமே என்பதால், அவ்வணி மீட்பதற்குரிய பந்துகளும் மிகச் சிலவே.

வில்லனோவா ஒன்றிரண்டு தாக்கு மீள்பந்தே பெற்றதெனக் கொண்டால், இரு அணிக்கும் ஏறத்தாழ 57 பந்துடைமை அமையும். இதனடிப்படையில் நான்கு கூறுகளும் பின்வருமாறு அமைகின்றன:

எறிவிழுக்காடு: வில்லனோவா 78.6, ஜார்ஜ்டவுன் 54.7.

பந்திழப்பு விகிதம்: வில்லனோவா ஏறத்தாழ 30, ஜார்ஜ்டவுன் ஏறத்தாழ 19.

தாக்கு மீள்பந்து: ஜார்ஜ்டவுனுக்கு ஏறத்தாழ 10 மிகுதி.

தனி எறி விகிதம்: வில்லனோவா 78.6, ஜார்ஜ்டவுன் 11.3.

நூறு பந்துடைமைக்கு வில்லனோவா எடுத்தது ஏறத்தாழ 116 புள்ளி. ஜார்ஜ்டவுன் எடுத்தது ஏறத்தாழ 112. மூன்று புள்ளிக் கோடு இல்லாத காரணத்தால் பயனுறு எறிவிழுக்காடும் வெறும் எறிவிழுக்காடும் இங்கு ஒன்றே. எறிதிறனிலும் தனி எறியிலும் வில்லனோவா மேம்பட்டது. பந்திழப்பிலும் மீள்பந்திலும் ஜார்ஜ்டவுன் மேம்பட்டது. ஆலிவரின் எடைகளில் முதலிரண்டின் கூட்டு 55. பின்னிரண்டின் கூட்டு 45. இவ்வெடைகளை இவ்வாறு கூட்டி வெற்றியைக் கணித்துவிட முடியாது. எனினும் வெற்றி நூலிழையில் அமைந்ததன் காரணத்தை இவ்வெண்கள் தெளிவுறுத்துகின்றன.

54.7 விழுக்காடு எறிந்த ஜார்ஜ்டவுன் மோசமாக ஆடவில்லை என்பதும் கருதத்தக்கது. புள்ளிநிலையை மட்டும் கண்டு ‘தோற்ற அணியின் தாக்குதல் சோர்ந்தது’ என எழுதுவார் பிழைபட எழுதுபவராவார்.

5. ஓர் ஆட்டத்தின் எல்லை

இக்கணக்கினைக் கையாள்வார் ஓர் எச்சரிக்கையை மனங்கொள்ள வேண்டும். இரண்டாம் பாதியில் வில்லனோவா 10 முறை எறிந்து ஒன்றை மட்டுமே தவறவிட்டது. இது அவ்வணியின் இயல்பான திறனா, அந்நாளின் நற்பேறா?

ஒவ்வோர் எறியும் கூடையில் விழுவதற்கு அரைப்பங்கு வாய்ப்புடைய ஓர் அணி, 28 எறியில் 22 அல்லது அதற்கு மேல் வெல்வதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டால் 0.0019 கிடைக்கும். அதாவது ஏறத்தாழ 540 ஆட்டங்களில் ஒருமுறையே அது நிகழும். எறிகள் ஒன்றையொன்று சாராதவை என்னும் எளிய கருதுகோளின்மேல் அமைந்த கணக்கு இது. நல்ல நிலை அமையும்வரை காத்திருந்து எறியும் அணிக்கு வாய்ப்பு அரையினும் மிகும். கால வரம்பு இல்லாமை அக்காத்திருப்புக்கு இடந்தந்தது. அவ்வாறே, தோல்வியை எதிர்நோக்கும் அணி கடிகாரத்தை நிறுத்துவதற்காக இறுதி நிமிடங்களில் வேண்டுமென்றே தவறிழைப்பது வழக்கம். அதனால் முன்னிற்கும் அணியின் தனி எறி விகிதம் இயல்புக்கு மேல் உயர்ந்துவிடும்.

எனவே ஓர் ஆட்டத்தின் எண்கள் நிகழ்ந்ததை விளக்கும். இனி நிகழ்வதை உறுதிகூறா. அப்பருவத்தில் மூன்று முறை மோதி இருமுறை வென்ற அணி ஜார்ஜ்டவுன் என்பதை மறத்தலாகாது. ஒரு நாள் ஆட்டத்தைக் கண்டு ஒரு மாணவரைத் தெரிவுசெய்வதும் நீக்குவதும் இக்காரணத்தாலேயே பிழையாகின்றன.

6. புள்ளி எடுக்காதவரின் கணக்கு

அணிக்குரிய கணக்கிலிருந்து தனியாளுக்குரிய கணக்கிற்குச் செல்லும்போது சிக்கல் மிகுகின்றது. தடுப்பாட்டக்காரர் எதிரியை நெருங்கி நின்றதால் அவர் எறி தவறியது எனின், பதிவில் எதிரியின் தவறே எழுதப்படும்; தடுத்தவர் பெயர் எழுதப்படாது. இக்குறையை ஓரளவு நீக்குவது கள வேறுபாடு என்னும் அளவை. ஓர் ஆட்டக்காரர் களத்தில் நின்ற நேரத்தில் தம் அணி எடுத்த புள்ளியிலிருந்து எதிரணி எடுத்த புள்ளியைக் கழித்தால் இது கிடைக்கும்.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு: ஓர் அணி 4 புள்ளி வேறுபாட்டில் வெல்கின்றது. அவ்வணியின் மாணவர் ஒருவர் 20 நிமிடம் ஆடி 2 புள்ளியே எடுக்கிறார். அவர் களத்தில் இருந்தபோது அணி 9 புள்ளி முன்னேறியது. வெளியே இருந்தபோது 5 புள்ளி பின்தங்கியது. புள்ளிப் பட்டியலில் அவர் கடைசியில் இருப்பார். கள வேறுபாட்டில் முன்னிற்பார். உடன் ஆடிய நால்வரின் திறனும் இவ்வெண்ணில் கலந்திருப்பதால், ஒரு பருவம் முழுவதும் தொகுத்த பின்னரே இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

7. கலைச்சொல்லும் கருத்துத் தெளிவும்

ஆடுகளத்தில் மாணவர்கள் ‘ரீபவுண்ட்’, ‘டர்னோவர்’, ‘ஃப்ரீ த்ரோ’ என்றே வழங்குகின்றனர். வழக்கிலுள்ள சொல்லை விலக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் எண்ணுவதற்கு எல்லை வேண்டும். எல்லையைத் தெளிவாக வகுக்கத் தாய்மொழிச் சொல் துணைசெய்யும்.

பந்துடைமையைத் ‘தாக்குதல்’ என வழங்கினால், தாக்கு மீள்பந்திற்குப்பின் புதிய தாக்குதல் தொடங்கியது எனக் கொள்ள நேரும், எண்ணிக்கை பிழைபடும். ‘வாய்ப்பு’ எனின், அது நிகழ்தகவுக்குரிய சொல்லோடு மயங்கும். உடைமை என்னும் சொல் கைவிட்டுப் போகும்வரை நீடிப்பதை உணர்த்துவதால் வரையறைக்கு இயைகின்றது. பந்திழப்பு என்பது எதிரி பறித்ததையும், தவறான கடத்தலையும், பந்தைத் தட்டாமல் நடந்த குற்றத்தையும் ஒருங்கே அடக்கும். ‘பந்தைத் தவறவிடுதல்’ என்பது அவற்றுள் ஒரு பகுதியையே உணர்த்தும். மீள்பந்து என்பதற்குமுன் ‘தாக்கு’, ‘தடுப்பு’ என்னும் அடைகளைச் சேர்ப்பதால் இருவகையும் விளங்கும்.

‘புள்ளி’ என்னும் சொல்லே ஈண்டு ஒரு மயக்கத்திற்கு இடனாகின்றது. ஆட்டத்தில் எடுப்பதும் புள்ளி. புள்ளிவிவரம், புள்ளியியல் என்பவற்றின் முதனிலையும் புள்ளி. ‘புள்ளிக் கணக்கு’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் எடுத்த புள்ளியையே கருதுவர். எனவே ‘ஆட்டக் கணக்கு’ என வழங்குதல் நலம். சொல் மாறினால் நோக்கும் மாறும். எடுத்த புள்ளியைத் தாண்டியும் கணக்கு உண்டு என்னும் எண்ணம் சொல்லிலேயே அமைந்துவிடும்.

8. கீரனூர்ச் சூழலும் நடைமுறையும்

கீரனூரிலிருந்து பழனிக்கோ திண்டுக்கல்லுக்கோ கல்லூரிக்குச் செல்லும் மாணவர் ஆடும் ஆட்டத்திற்கு ஒளிப்படக் கருவிகளும் கணினி நிரல்களும் வாய்க்க வேண்டும் என்பதில்லை. இக்கட்டுரையில் விளக்கிய அணிக்கணக்கு அனைத்திற்கும் வேண்டுவன எட்டு எண்ணிக்கைகளே: கூடை முயற்சி, கூடை, மூன்று புள்ளிக் கூடை, தனி எறி முயற்சி, தனி எறி வெற்றி, தாக்கு மீள்பந்து, தடுப்பு மீள்பந்து, பந்திழப்பு. ஒரு தாள், ஒரு பென்சில், களத்தின் ஓரத்தில் அமரும் இருவர் போதும். ஒருவர் கண்டதைச் சொல்ல, மற்றவர் கோடிட்டுக் குறிக்கலாம். ஆட்டக்காரர் உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் புள்ளிநிலையைக் குறித்துவைத்தால் கள வேறுபாடும் கிடைத்துவிடும்.

காயமுற்று ஒதுங்கியிருக்கும் மாணவரும், அணியில் இடம்பெறாத மாணவரும் இப்பணியில் ஈடுபடலாம். ஆட்டத்தைக் கூர்ந்து நோக்கும் பயிற்சியும் அவர்க்கு வாய்க்கும். பதிவேடு தமிழில் அமைந்தால் ஆட்டக்காரரும் அவர்தம் பெற்றோரும் பிறர் உதவியின்றி அதனைப் படித்தறியலாம். தெரிவில் ஐயம் எழுந்தால் எண்ணைக் காட்டி வினவலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. புள்ளிநிலை ஆட்டத்தின் முடிவே; விளக்கமன்று. பந்துடைமையை அலகாகக் கொண்டால் விரைந்தாடும் அணியையும் நிதானமாக ஆடும் அணியையும் நேர்மையாக ஒப்பிடலாம். 1985 இறுதியாட்டத்தில் குறைவாக எறிந்து, மிகுதியாகப் பந்தை இழந்த அணி வென்றதன் காரணத்தை நான்கு கூறுகள் புலப்படுத்துகின்றன. பட்டியலிடாத மீள்பந்தின் அளவையும் இக்கணக்கு உய்த்துணர வைக்கின்றது. ஓர் ஆட்டத்தைக் கொண்டு திறனை முடிவுசெய்தல் பொருந்தாது என்பதையும் அதே ஆட்டம் உணர்த்துகின்றது.

வரையறுத்த தமிழ்ச் சொற்களோடு எட்டு எண்ணிக்கைகளைக் குறிக்கும் பதிவேடு ஒன்று கல்லூரிதோறும் ஒரு பருவம் முழுவதும் பேணப்படுமாயின், தெரிவுக்குழுவின் முன் வைக்கப்படும் தாளில் ‘2’ என்னும் எண்ணுக்கு அருகே வேறு சில எண்களும் இடம்பெறும். தடுத்து நின்றவரின் உழைப்புக்கு அவையே சான்றாகும்.